எண்ணாக மாறிய எழுத்துகள் – 11: மேலே ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி

சென்ற வாரம் நாம் நின்ற இடம், ஐவரி கோஸ்ட்டின் பிங்கர்வில். ஆண்டு 1949, மாதம் ஏப்ரல். கினி நாட்டின் கங்கான் பகுதியைச் சேர்ந்த சொலமானா கான்டே, தம் மக்களின் மொழிக்கென ஒரு புதிய எழுத்தை வகுத்து முடித்த நேரம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் புவாக்கே நகரில் அவர் கையில் ஒரு நூல் கிடைத்தது. லெபனான் பத்திரிகையாளர் கமால் மர்வா எழுதியது. ஆப்பிரிக்க மொழிகளை எழுத்தில் கொண்டுவர முடியாது என்ற கருத்து அதில் இருந்தது. அந்த வரி கான்டேயைத் தூங்கவிடவில்லை. முதலில் அரபு எழுத்தில் எழுதிப் பார்த்தார். பிறகு இலத்தீன் எழுத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டும் கைவிரித்தன. கடைசியில் தாமே ஓர் எழுத்தை உருவாக்கினார். வலமிருந்து இடமாக ஓடும், ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் அந்த எழுத்துக்குப் பெயர் ன்கோ. மனிங்கா, பம்பாரா, ஜூலா, மண்டிங்கா என்று பிரிந்து கிடக்கும் மாண்டிங் மொழிகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லுக்கு ‘நான் சொல்கிறேன்’ என்று பொருள்.

கான்டே 1987 நவம்பரில் கோனாக்ரியில் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை விட்டுச் சென்றார். இலக்கணம், வரலாறு, மருத்துவம், அகராதி, குர்ஆன் மொழிபெயர்ப்பு என அந்தப் பட்டியல் நீளும். அரசு ஆதரவு இல்லை. மாணவர்கள் கையால் படியெடுத்தும் நகலெடுத்தும் அவற்றைச் சந்தைக்குச் சந்தை கொண்டுபோனார்கள்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1988 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஜோ பெக்கர் என்பவர் ஒரு வரைவை வெளியிட்டார். உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண் பட்டியல் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வரைவின் பெயர் ‘யூனிகோடு 88’.

கான்டேயின் எழுத்தும் பெக்கரின் பட்டியலும் சந்தித்துக்கொள்ள இன்னும் 16 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது. இந்த வாரக் கதை அந்தச் சந்திப்பைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, எழுத்துகளின் தலைக்கு மேலும் காலடியிலும் அமரும் ஒன்பது சிறு குறிகளைப் பற்றியது.

ஆறா, ஆடா?

ஒன்பது குறிகளுக்கு ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். ஒதுக்கத்தான் வேண்டும்.

மாண்டிங் மொழிகள் தொனி மொழிகள். பம்பாராவில் ‘பா’ என்று குரலை உயர்த்திச் சொன்னால் ஆறு. அதே ‘பா’வைத் தாழ்த்திச் சொன்னால் ஆடு. மெய்யும் உயிரும் மாறவில்லை. குரலின் உயரம் மாறியது, பொருள் மாறிவிட்டது. அரபு எழுத்தும் இலத்தீன் எழுத்தும் கான்டேக்குப் போதாமல் போனதற்கு இதுதான் முக்கியக் காரணம். இன்றைக்கும் பம்பாராவை இலத்தீனில் எழுதும்போது தொனியைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. படிப்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கான்டே ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை. ன்கோவில் உயிர்கள் ஏழு. ஒவ்வொன்றும் குறிலாகவும் ஒலிக்கும், நெடிலாகவும் ஒலிக்கும். தொனி நான்கு வகை: உயர்வு, தாழ்வு, ஏற்றம், இறக்கம். நான்கையும் இரண்டால் பெருக்கினால் எட்டு நிலைகள். எட்டுக்கும் எட்டுக் குறி போட்டிருக்கலாம். அவர் ஏழுதான் போட்டார். குறில், இறங்கு தொனி என்றால் உயிரின் தலை வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையே எட்டாவது குறி. எழுதுபவனின் கைக்கு அவர் காட்டிய கருணை என்றே இதை நான் பார்க்கிறேன்.

ஏழு தொனிக்குறிகளுக்கும் இருப்பிடம் எழுத்தின் தலை. மூக்கொலிக்கு எழுத்தின் கீழே ஒரு புள்ளி. அயல்மொழி ஒலிகளைக் காட்ட மேலே இரட்டைப் புள்ளி. ஆக ஒன்பது.

இவற்றில் சில இரட்டை வேலையும் பார்க்கும். உயிரின் மேல் அமர்ந்தால் தொனியைக் காட்டும் குறி, மெய்யின் மேல் ஏறினால் அரபு அல்லது பிரெஞ்சு ஒலியொன்றைக் காட்டும். எண்ணின் கீழே மூக்கொலிப் புள்ளி வந்தால் ‘ஏழு’ என்பது ‘ஏழாவது’ ஆகிவிடும். முதலாவதுக்கு மட்டும் விதிவிலக்கு: ஒன்று என்ற இலக்கத்தின் தலையில் புள்ளி.

கையால் எழுதியவரை இதில் எந்தச் சிக்கலும் இல்லை. பேனா எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். கணினிக்குப் பேனா கிடையாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே.

2004, ஜூன்

கணினியில் ன்கோ அதற்கு முன்பே எட்டிப் பார்த்திருந்தது. ஆர்வலர்கள் எழுத்துருக்களைச் செய்து, வேறு எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் ன்கோ வடிவங்களைப் போர்த்தி அச்சிட்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குவியல்தான் வரும். 1990-களில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

2004 ஜூனில் ஒரு முன்மொழிவு தயாரானது. ன்கோவை உலகப் பொதுப் பட்டியலில் சேர்க்கக் கோரும் ஆவணம் அது. கையெழுத்திட்டவர்கள் நால்வர். அயர்லாந்தில் வாழ்ந்த எழுத்தியல் அறிஞர் மைக்கேல் எவர்சன் ஒருவர். மற்ற மூவரும் ன்கோவையே மூச்சாகக் கொண்டவர்கள்: பாபா மமாடி தியானே, மமாடி தும்பூயா, கராமோ காபா ஜாம்மே. தியானே கெய்ரோவில் ஆசிரியர். தும்பூயா அமெரிக்காவில் ன்கோவுக்காக உழைத்தவர். யுனெஸ்கோவின் பாபேல் திட்டம் இந்தப் பணிக்குத் துணை நின்றது.

மூன்று பேர் அந்த எழுத்தில் படித்து, எழுதி, கற்பித்தவர்கள். இந்த ஒரு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் முடிவுகள் சரியாக அமைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடன் குறியா, சொந்தக் குறியா?

எழுத்துகளில் பெரிய சிக்கல் இல்லை. உயிர் ஏழு, மெய் இத்தனை என்று வரிசையாக வைத்துவிடலாம். குறிகளிடம் வந்தபோதுதான் திருப்புமுனை.

யூனிகோடில் பொதுவான சேர்க்கைக் குறிகள் என்று ஒரு பெரிய தொகுப்பு தொடக்கத்திலிருந்தே உண்டு. மேல்கோடு, அலை, புள்ளி, கூரை, இரட்டைப் புள்ளி, கீழ்ப்புள்ளி என எல்லாம் அங்கே இருக்கின்றன. இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக் என்று பல எழுத்துகள் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

ன்கோவின் குறிகளைப் பாருங்கள். உயர் தொனிக் குறிலுக்கு ஒரு கோடு. தாழ் தொனிக் குறிலுக்கு ஓர் அலை. ஏறு தொனிக் குறிலுக்கு ஒரு புள்ளி. இறங்கு தொனி நெடிலுக்கு ஒரு கூரை. கண்ணுக்கு ஏறக்குறைய அதே வடிவங்கள்தாம். ஏற்கெனவே எண் உள்ளதற்கு இன்னோர் எண் எதற்கு? பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டால் போதாதா?

கேள்வி நியாயமானது. ஒரே உருவத்துக்கு இரண்டு எண்கள் இருந்தால் தேடலில் குழப்பம் வரும். ஒன்றைப்போல் இன்னொன்றைக் காட்டி ஏமாற்றவும் வழி பிறக்கும். பட்டியலைக் காப்பவர்களுக்கு இந்த அச்சம் எப்போதும் உண்டு.

ஆனால் உருவ ஒற்றுமை மேலோட்டமானது. ன்கோவின் குறிகள் பொதுக் குறிகளைவிட உயரத்தில் அமர்பவை, தடித்தவை. எழுதும் பாணிக்கு ஏற்ப வடிவம் மாறவும் அவற்றுக்கு அதிக இடம் உண்டு. இலத்தீன் எழுத்தின் தோளுக்கு ஏற்றபடி வரையப்பட்ட கோட்டை ன்கோவின் தலைமேல் வைத்தால், அது உயிரெழுத்தின் நெடுங்கோட்டில் போய் இடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கடன் குறியைப் பயன்படுத்தினால், மென்பொருள் அதை எந்த எழுத்துருவிலிருந்து எடுக்கும்? எழுத்து ஒரு எழுத்துருவிலிருந்தும் குறி இன்னொன்றிலிருந்தும் வந்து சேரலாம். குறி எழுத்தைவிட்டு நழுவிப் பக்கத்தில் விழும். ஆறு ஆடாகும்.

முடிவு சொந்தக் குறிகள் பக்கம் சாய்ந்தது. ஏழு தொனிக்குறிகளுக்கும், மூக்கொலிப் புள்ளிக்கும், இரட்டைப் புள்ளிக்கும் ன்கோவின் வீட்டுக்குள்ளேயே தனித்தனி எண்கள் தரப்பட்டன. இவை ன்கோவுக்கே உரியவை, பொதுக் குறிகளோடு உள்ள ஒற்றுமை மேற்பார்வைக்கு மட்டுமே என்று யூனிகோடு நூலும் தெளிவாகவே சொல்கிறது.

இந்த முடிவை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். இட நெருக்கடியை மட்டும் பார்த்திருந்தால் கடன் குறிகள் போதும் என்றே தோன்றியிருக்கும். அப்படி நடந்திருந்தால், தொனிக்காகவே பிறந்த எழுத்து கணினியில் தொனியை இழந்திருக்கும்.

எது முதலில்?

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது.

உயர் தொனியும் மூக்கொலியும் ஒரே உயிரில் சேர்ந்து வரும் இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி. பமாக்கோவில் ஒருவர் கோட்டை முதலில் தட்டிப் பிறகு புள்ளியைத் தட்டுகிறார். கங்கானில் இன்னொருவர் புள்ளியை முதலில் தட்டுகிறார். திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் எண் வரிசையோ வேறு வேறு. அவர் எழுதியதை இவர் தேடினால் கணினி இல்லை என்று சொல்லிவிடும்.

யூனிகோடு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சேர்க்கைக் குறிகளுக்கு வகுப்பு எண்கள் உண்டு. எழுத்தின் மேலே அமர்பவற்றுக்கு 230. கீழே அமர்பவற்றுக்கு 220. ஒப்பிடும்போது சிறிய எண் முன்னே வரும்படி குறிகளை அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ன்கோவின் மேற்குறிகள் எட்டுக்கும் 230 கொடுக்கப்பட்டது. மூக்கொலிப் புள்ளிக்கு 220. யார் எந்த வரிசையில் தட்டினாலும் ஒப்பிடும் நேரத்தில் புள்ளி முன்னே, கோடு பின்னே என்று நின்றுவிடும். பமாக்கோவும் கங்கானும் ஒன்றையே எழுதியதாகக் கணினி ஒப்புக்கொள்ளும்.

இந்த வகுப்பு எண்ணில் ஒரு பயங்கரம் உண்டு. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். பட்டியலில் ஏறிய எழுத்தை நீக்க முடியாது, பெயரை மாற்ற முடியாது, குறிகளின் வரிசை விதியையும் மாற்ற முடியாது. உலகெங்கும் சேமிக்கப்பட்ட ஆவணங்கள் அதை நம்பி இருப்பதால் இந்தக் கண்டிப்பு. 2004-இல் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தவறு செய்ய ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

கூடவே இன்னொரு பண்பையும் சரியாகக் குறித்தாக வேண்டும். ன்கோ எழுத்துகள் கைகோத்து நடப்பவை. நடுவில் ஒரு தொனிக்குறி வரும்போது, அங்கே ஏதோ புதிய எழுத்து வந்துவிட்டது என்று கணினி எண்ணினால் கை விட்டுப்போகும். உயிருக்கு உயிர் சொல் உடையும். அதனால் இக்குறிகளைப் பற்றிக் கணினிக்குச் சொல்லப்பட்டது இது: இணைப்பைப் பொறுத்தவரை இவை இருந்தும் இல்லாதவை.

உயிர் போனாலும் தொனி போகாது

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

பேச்சு வேகத்தில் உயிர் தேய்ந்து மறைவது எல்லா மொழியிலும் உண்டு. மாண்டிங் மொழிகளிலும் உண்டு. ஆனால் அங்கே உயிர் மறைந்தாலும் அதன் தொனி மறையாமல் நிற்கும். எழுத்தே இல்லாத இடத்தில் தொனியை எதன் மேல் எழுதுவது?

கான்டேயின் மரபு இதற்கும் விடை வைத்திருந்தது. மேற்காற்புள்ளி போன்ற இரண்டு குறிகள். ஒன்று உயர் தொனிக்கு, ஒன்று தாழ் தொனிக்கு. இவை எதன் தலையிலும் ஏறுவதில்லை. தாமே ஓர் இடத்தில் நிற்கும். எனவே இவற்றை ஒன்பதோடு சேர்க்காமல், தனித்து நிற்கும் குறிகளாகப் பட்டியலில் வைத்தார்கள். அன்றாடம் ன்கோவில் எழுதுபவர் அருகில் இல்லாவிட்டால், இவ்வளவு சிறிய வேறுபாடு எந்தக் குழுவின் கண்ணிலும் பட்டிருக்காது.

எண்களிலும் அப்படித்தான். அரபியில் எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும் எண்கள் இடமிருந்து வலமாக ஓடும். ன்கோவில் எண்களும் வலமிருந்தே தொடங்கும். அரபு போலத்தானே என்று ஒரு பொறியாளர் அலட்சியமாக இருந்திருந்தால் 144 என்பது 441 ஆகத் தெரிந்திருக்கும். ன்கோவின் பத்து இலக்கங்களுக்கும் எழுத்துகளுக்கு உரிய அதே வலமிடத் திசை கொடுக்கப்பட்டது.

பழைய பிரதிகளில் காணப்படும் மூன்று எழுத்துகளின் முந்தைய வடிவங்களும் தனி எண் பெற்று உள்ளே வந்தன.

கடைசி வீடு

2006 ஜூலையில் யூனிகோடு 5.0 வெளியானது. ன்கோ அதில் இருந்தது. அதே பதிப்பில் சுமேரியர் களிமண்ணில் கீறிய ஆப்பெழுத்தும் பினீசிய எழுத்தும் இடம் பிடித்தன. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேச்சு நின்றுபோன எழுத்துகளும், சந்தையில் அன்றன்று விற்கும் புத்தகங்களின் எழுத்தும் ஒரே நாளில் கணினிக்குள் நுழைந்தன. உயிரோடு இருப்பவர்கள் இவ்வளவு காலம் வரிசையில் நிற்க நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கிடைத்த இடமோ அருமையான இடம். சிரியாக், மாலத்தீவின் தானா ஆகியவற்றை அடுத்து 64 அறைகள். அவற்றில் 59 அன்றே நிரம்பின: இலக்கம் 10, எழுத்து 33, சேர்க்கைக் குறி 9, மற்றவை 7. இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில், ஓர் எழுத்தை இரண்டு பைட்டுகளில் சேமிக்கக்கூடிய எல்லை ன்கோவோடு முடிகிறது. இரண்டு பைட்டுத் தெருவின் கடைசி வீடு ன்கோ. அதைத் தாண்டி இருக்கும் தமிழுக்கு எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும்.

பட்டியலில் ஏறியதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எண் இருந்தால் மட்டும் போதாது. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், குறியைச் சரியான உயரத்தில் அமர்த்தும் மென்பொருள் வேண்டும். கட்டற்ற மென்பொருள்கள் அடுத்த ஆண்டே ன்கோவைக் காட்டத் தொடங்கின. பெரும்பாலோர் கையில் இருந்த விண்டோஸ், 2012-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் ன்கோ எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டியது. இடையில் ஆறு ஆண்டுகள்.

எவ்வளவு கவனமாகச் செய்தும் ஏதோ ஒன்று விடுபடத்தான் செய்யும். அளவை அலகுகளைச் சுருக்கி எழுதும்போது எழுத்துகளின் கீழே இடும் ‘தந்தயாலன்’ என்ற குறி 2006-இல் இல்லை. 2018 ஜூனில் யூனிகோடு 11.0 அதைச் சேர்த்தது. ‘தொரோமே’, ‘தாமன்’ என்ற இரண்டு நாணயக் குறிகளும் உடன் வந்தன. பத்தாவது சேர்க்கைக் குறிக்கு ன்கோ 12 ஆண்டுகள் காத்திருந்தது. 64 அறைகளில் இன்று இரண்டு மட்டுமே காலி.

அதே நாட்டில் இரண்டு சிறுவர்கள்

கான்டே எழுத்தை வகுத்ததற்கும் அது பட்டியலில் ஏறியதற்கும் இடையே 57 ஆண்டுகள். அதற்குள் ன்கோவுக்கு இலக்கண நூல்கள் வந்துவிட்டன, ஆசிரியர் பரம்பரை உருவாகிவிட்டது, எந்தக் குறி எங்கே அமரும் என்பதில் ஐயம் இல்லை. மாற்ற முடியாத பட்டியலில் ஏறும்போது அந்த எழுத்து நன்றாகக் கனிந்திருந்தது.

எல்லா எழுத்துக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

1989-இல், கான்டே பிறந்த அதே கினி நாட்டின் இன்செரெகோரே நகரில், 14 வயது இப்ராஹிமா பாரியும் 10 வயது அப்துலாயி பாரியும் தங்கள் ஃபுலா மொழிக்கு எழுத்து வரையத் தொடங்கினார்கள். அத்லம் என்று பெயர் பெற்ற அந்த எழுத்து 2016-இல் யூனிகோடில் ஏறியது. வெறும் 27 ஆண்டுகளில். அதன் மூக்கொலிக் குறி முதல் பதிப்பில் இல்லை, 2019-இல்தான் வந்தது. எண் கிடைத்த பிறகும் சில எழுத்துகளின் உருவம் திருத்தப்பட்டது. எழுத்தை உருவாக்கியவர்களும் எழுதுபவர்களும் இன்னும் பேசி முடிக்காத நேரத்திலேயே பட்டியல் அவர்களைத் தேடி வந்துவிட்டது.

காத்திருந்தால் ஒரு தலைமுறை கைப்பேசியில் தன் மொழியை எழுத முடியாமல் போகும். அவசரப்பட்டால் பிழை நிலைத்துவிடும். பாரி சகோதரர்கள் எதைத் தேர்ந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

(அடுத்த வாரம்)